'பிக்கஸ்ட் லூசர்' பற்றி ஜிம்முக்கு வருகிறவர்கள் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

மதுரையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். எடை குறைக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த அமெரிக்க ஷோவின் துண்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸ் அதைப் பற்றி மூன்று பகுதி ஆவணத் தொடர் வெளியிட்ட பிறகு கேள்விகள் இரட்டிப்பாகிவிட்டன. டிரெட்மில் பக்கத்தில் நின்று தினம் ஒருவருக்கு அரைகுறையாகச் சொல்வதைவிட, ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

மாஸ்டர், அந்த ஷோ என்னது? நான் பார்த்ததே இல்ல, எல்லாரும் பேசுறாங்க.

'தி பிக்கஸ்ட் லூசர்' அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 2004 அக்டோபர் 19 அன்று தொடங்கியது. மிகவும் பருமனான ஆண்களையும் பெண்களையும் அணிகளாகப் பிரித்து, ஒரே வளாகத்தில் தங்கவைத்து, பயிற்சியாளர்களை வைத்துப் போட்டி போட்டு எடை குறைக்கவைப்பார்கள். பல சீசன்கள் கலிஃபோர்னியாவில் கலபாசஸ் ஊர்ப் பக்கம் இருக்கும் கிங் ஜில்லெட் பண்ணையில் எடுக்கப்பட்டன. வென்றவருக்குப் பரிசு 2,50,000 டாலர்.

பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. 'லூசர்' என்றால் தோற்றவர், இழந்தவர் என்று இரண்டு பொருளும் வரும். அதிக எடையை இழந்தவரே இங்கே வென்றவர்.

டீம் எப்படிப் பிரிப்பாங்க?

முதல் சீசனில் 12 பேர். ஆறு ஆறு பேராகச் சிவப்பு அணி, நீல அணி. ஜில்லியன் மைக்கேல்ஸ், பாப் ஹார்ப்பர் என்ற இரு பயிற்சியாளர்களும் ஆளுக்கு ஓர் அணியை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வந்த சில சீசன்களில் இரட்டையர் அணிகள் வந்தன. தாயும் மகனும், அக்கா தங்கை, கணவன் மனைவி என்று ஜோடிக்கு ஒரு நிறச் சட்டை. 2010-இல் முடிந்த 9-வது சீசனை வென்ற மைக்கேல் வென்ட்ரெல்லா தன் அம்மாவோடு ஜோடியாக வந்தவர். 526 பவுண்டிலிருந்து 262 பவுண்டுக்கு இறங்கினார். நம் கணக்கில் ஏறக்குறைய 120 கிலோ குறைந்தது.

சீசன் பாதியில் அணிகளைக் கலைத்துவிடுவார்கள். அதுவரை தோளோடு தோள் நின்றவர்கள் அன்றிலிருந்து தனித்தனி. பரிசு ஒருவருக்குத்தானே.

நூறு கிலோ ஆளும் இருநூறு கிலோ ஆளும் எப்படி மாஸ்டர் ஒரே போட்டியில நிக்க முடியும்?

அதனால்தான் கிலோவை எண்ணாமல் சதவீதத்தை எண்ணினார்கள். 200 கிலோக்காரர் ஒரு வாரத்தில் 6 கிலோ இறக்கினால் 3 சதவீதம். 100 கிலோக்காரர் 4 கிலோ இறக்கினால் 4 சதவீதம், அவரே முன்னால் நிற்பார். அணிக்கும் இதே கணக்குதான். அணியின் மொத்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சதவீதத்துக்கு ஓர் எல்லை கிடையாது. 'ஆரோக்கியமான எடைக்கு வந்துவிட்டாய், நிறுத்து' என்று அது சொல்லாது. இன்னும் ஒரு கிலோ இறக்கினால் இன்னும் ஒரு சதவீதம், அவ்வளவுதான். இதன் விளைவு ரேச்சல் பற்றிய கேள்வியில் வருகிறது.

தோத்த டீம்ல வெளிய அனுப்புறது யாரு? ஜட்ஜா?

ஜட்ஜ் கிடையாது. தோற்ற அணியினரே தங்களில் ஒருவரை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பின்னாளில் எடை குறைத்தவர்களின் வரிசைப் பட்டியலில் திரையில் மஞ்சள் கோடு வந்தது. அதற்குக் கீழே விழுந்தவர்களில் ஒருவரை மற்றவர்கள் வெளியேற்றுவார்கள். சில சமயம் சிவப்புக் கோடும் உண்டு. அதற்குக் கீழே விழுந்தால் ஓட்டே கிடையாது, நேராக வீடு. வீட்டுக்குப் போனவர்கள் அங்கேயே எடையைக் குறைத்து இறுதி நாளில் வந்து, வீட்டிலிருந்தவர்களுக்கான 1,00,000 டாலர் பரிசுக்கு நிற்கலாம்.

ஓட்டு வந்ததும் எடை தந்திரமாகிவிட்டது. 2007-இல் வந்த 4-வது சீசனில் ஒரு போட்டியாளர் எடை பார்க்கும் முன் கேலன் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு மேடை ஏறினார். 17 பவுண்டு கூடியிருந்தது. தன் அணி தோற்று, தான் நினைத்தவர் வெளியே போக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார். அடுத்த வாரம் தண்ணீர் இறங்கியதும் அவர் கணக்கில் பெரிய 'குறைவு'. பொய்யான படிக்கல் வைத்து எடை போடுவதும் இதுவும் எனக்கு ஒன்றுதான்.

ஒரே வாரத்துல பத்து கிலோ குறைஞ்சதா காட்டுறாங்களே, எனக்கு மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர் முகத்தில் இருக்கும் வருத்தத்தைப் பார்த்தால் எனக்கும் மனசு கேட்காது.

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோவும் கொழுப்பாகவே கரைய வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் 77,000 கலோரி பற்றாக்குறை, அதாவது நாளொன்றுக்கு 11,000 விழ வேண்டும். 200 கிலோ ஆளுக்குக்கூட அது நடக்காது. முதல் வாரத்தில் போவதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் அந்தச் சேமிப்பு காலியாகித் தண்ணீரும் கூடவே வெளியேறும். உப்பைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். வியர்வை தனி.

இன்னொன்று, திரையில் 'ஒரு வாரம்' என்று காட்டியது எல்லாம் ஏழு நாள் அல்ல என்று முன்னாள் போட்டியாளர்கள் சிலர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். 85 கிலோ இருக்கும் நீங்கள் வாரம் அரைக் கிலோ இறக்கினால் அது நல்ல வேகம். அதை அந்த வீடியோவோடு ஒப்பிட்டு அழ வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒர்க்அவுட் பண்ணாங்க? என்ன சாப்பிட்டாங்க?

போட்டியாளர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது இது: வாரம் ஆறு நாள், நாளுக்கு 90 நிமிடம் பயிற்சியாளர் முன்னிலையில் கடுமையான பயிற்சி. அதற்கு மேல் தானாகவே மூன்று மணி நேரம் வரை செய்யச் சொல்லி ஊக்குவித்தார்கள். சாப்பாடு, உடலின் ஆரம்பத் தேவையில் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது அறிவுரை. ஆனால் தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் கண்காணிக்கவில்லை. அந்த அறிவுரையைவிட மிகக் குறைவாகச் சாப்பிட்டோம், அதைவிட நீண்ட நேரம் உழைத்தோம் என்று போட்டியாளர்கள் பிறகு சொன்னார்கள்.

வேலை, குடும்பம், சமையல், பஸ் பயணம் எதுவும் இல்லாமல் அதையே முழுநேரத் தொழிலாகச் செய்தவர்கள் அவர்கள். கடையைப் பூட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு என்னிடம் வந்து நாற்பது நிமிடம் பயிற்சி செய்கிற அண்ணாச்சியின் உழைப்பு எனக்கு இதைவிடச் சின்னதாகத் தெரியவில்லை.

யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் ஆகலையா மாஸ்டர்?

ஆனது. 2009-இல் 8-வது சீசனின் முதல் சவாலே ஒரு மைல் ஓட்டம். பயிற்சியே இல்லாத உடம்போடு ஓடிய ஒரு பெண் எல்லைக்கோட்டுக்கு அருகில் மயங்கி விழுந்தார். ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள். தசை உடைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அவருக்கு வந்திருந்தது. மருத்துவர்கள் ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். வெயிலில், பழக்கமில்லாமல், அளவுக்கு மீறி உழைக்கிறவர் யாருக்கும் வரலாம். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே நூறு ஸ்குவாட் போடச் சொல்லும் பயிற்சியாளரை விட்டு ஓடி வந்துவிடுங்கள். மறுநாள் சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஜெயிக்கிறதுக்கு மாத்திரை கொடுத்தாங்களாமே?

ஒளிபரப்பிலேயே வந்ததை மட்டும் சொல்கிறேன். 2013-இல், 15-வது சீசனில், ஜில்லியன் மைக்கேல்ஸ் மருத்துவர் அனுமதி இல்லாமல் தன் அணிக்குக் காஃபின் மாத்திரை கொடுத்தார். அது விதி மீறல் என்று அறிவித்து, அந்த அணிக்கு எடை பார்க்கும்போது 4 பவுண்டு தண்டனை போட்டார்கள். காபியைவிட அது பாதுகாப்பானது என்பது அவர் சொன்ன வாதம்.

முதல் சீசன்ல ஜெயிச்சவர் இப்ப எப்படி இருக்கார்?

ரயன் பென்சன் 330 பவுண்டிலிருந்து 208-க்கு வந்தார். 55 கிலோ குறைவு. கடைசி நாட்களில் பட்டினி கிடந்தும் உடம்பில் தண்ணீரை வற்றவைத்தும் எடை இறக்கியதாகவும், சிறுநீரில் ரத்தம் வரும் அளவுக்குப் போனதாகவும் பின்னர் அவரே சொன்னார். போட்டி முடிந்த ஐந்து நாளில் தண்ணீர் மட்டுமே 32 பவுண்டு திரும்பியது என்றும் எழுதினார். மேலே தண்ணீர் பற்றிச் சொன்னதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். நாளடைவில் பழைய எடையும் பெரும்பாலும் திரும்பிவிட்டது.

அவ்வளவு கஷ்டப்பட்டு இறக்கிட்டு மறுபடி ஏத்திக்கிட்டா அது அவங்க சோம்பேறித்தனம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். திரும்ப எடை போட்டு வந்த ஒருவரிடம் கடுமையாகப் பேசியும் இருக்கிறேன். அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 8-வது சீசனின் 14 போட்டியாளர்களை ஆறு ஆண்டு கழித்து மறுபடி சோதித்து, 2016 மே மாதம் முடிவை வெளியிட்டது. போட்டிக்கு முன் சராசரி எடை 149 கிலோ. முப்பது வாரம் முடிந்தபோது 91 கிலோ. ஆறு ஆண்டுக்குப் பிறகு 132 கிலோ. பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்கு எடை திரும்பியிருந்தது. நான்கு பேர் தொடங்கியதைவிடக் கூடுதல் எடையில் இருந்தார்கள். சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிக்கும் கலோரி போட்டிக்கு முன் நாளுக்கு 2,607. முடிவில் 1,996. ஆறு ஆண்டில் எடை ஏறிய பிறகு அதுவும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை, 1,903 ஆக இன்னும் இறங்கியிருந்தது. அதே உடல் அளவும் வயதும் உள்ள ஒருவர் எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்தார்கள். ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு அது.

பசியும் அவர்களுக்கு எதிராக நின்றது. லெப்டின் என்று ஒரு ஹார்மோன் கொழுப்பு செல்களில் சுரந்து 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும். போட்டி முடிவில் அது முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு ஆண்டு கழித்தும் மூன்றில் இரண்டு பங்குதான் திரும்பியிருந்தது. அந்த சீசனை வென்ற டேனி கேஹில் 430 பவுண்டிலிருந்து 191-க்கு வந்தவர். அவருக்கு 100 பவுண்டுக்கு மேல் திரும்பியது. குறைவாக எரிக்கும் உடம்பு, தணியாத பசி, இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்போ எடை குறைச்சாலே மெட்டபாலிசம் கெட்டுப்போயிடுமா? நான் குறைக்கவே வேணாமா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன ஆய்வில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆறு ஆண்டு கழித்தும் அதிக எடையைக் குறைத்து வைத்திருந்தவர்களுக்குத்தான் எரிப்பு வேகம், அதாவது நீங்கள் சொல்லும் மெட்டபாலிசம், அதிகமாகக் குறைந்திருந்தது. வேகம் குறைந்ததால்தான் எல்லாருக்கும் எடை ஏறியது என்று நேர்கோடு போட முடியாது. கெவின் ஹாலே பின்னர் தன் முடிவை மறுபடி அலசினார். அளவுக்கு மீறிய உடலுழைப்பைத் தொடரும்போது உடம்பு மற்ற செலவைச் சுருக்கிக்கொள்வதும் இந்த வேகக் குறைவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்.

அதே 14 பேரை வைத்து 2017-இல் இன்னொரு கட்டுரை வந்தது. எடையைக் காப்பாற்றியவர்கள் தங்கள் பழைய நிலையைவிட 160 சதவீதம் கூடுதலாக உடலை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றிக்கொண்டவர்கள் 34 சதவீதம்தான் கூட்டியிருந்தார்கள். சாப்பாட்டைக் குறைத்த அளவில் இரு கூட்டத்துக்கும் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. குறைப்பதற்குச் சாப்பாடு, காப்பதற்கு அசைவு என்று நான் ஜிம்மில் சொல்வது இதைப் படித்த பிறகுதான்.

ரேச்சல்னு ஒரு பொண்ணு ஜெயிச்சப்ப ஏன் அவ்வளவு சர்ச்சை?

2014 பிப்ரவரி 4, 15-வது சீசனின் இறுதி நாள். ரேச்சல் ஃப்ரெட்ரிக்சன் 260 பவுண்டில் தொடங்கி 105 பவுண்டில் வந்து நின்றார். 118 கிலோ 48 கிலோவுக்குக் கீழே வந்திருந்தது. எடையில் 59.62 சதவீதம் போயிருந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு, ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ள அவருக்கு 18. ஆரோக்கியத்தின் கீழ் எல்லை 18.5. மேடையில் நின்ற பயிற்சியாளர்களின் முகம் மாறியதைக் கேமரா பிடித்தது.

ஊரே அந்தப் பெண்ணைத் திட்டியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சதவீதத்துக்கு எல்லை வைக்காமல் போட்டி நடத்தியவர்கள் இருக்க, கொடுத்த விதிப்படி விளையாடியவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

பயிற்சியாளருக்கே ஹார்ட் அட்டாக் வந்துச்சாமே, அப்புறம் எதுக்கு ஜிம்மு?

பாப் ஹார்ப்பருக்கு 2017 பிப்ரவரியில், 51 வயதில், நியூயார்க்கில் உடற்பயிற்சிக் கூடத்திலேயே மாரடைப்பு வந்தது. அங்கே இருந்த மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தி உயிர் காத்தார்கள். லிப்போபுரதம்-ஏ என்று பரம்பரையாக வரும் ஒரு கொழுப்பு அவருக்கு அதிகம். அவருடைய அம்மாவும் மாரடைப்பில் இறந்தவர். அந்த அளவை உடற்பயிற்சி குறைக்காது. உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், உடம்பு எவ்வளவு கட்டாக இருந்தாலும் மருத்துவரிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

நம்ம நாட்டுல இந்த ஷோ வந்ததா?

2007-இல் சஹாரா ஒன் தொலைக்காட்சியில் இந்தியில் வந்தது. சுனில் ஷெட்டி தொகுத்து வழங்கினார். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அரபு நாடுகள் என்று பல பதிப்புகள் உண்டு.

ஏன் நிறுத்தினாங்க?

என்.பி.சி.யில் 17-வது சீசன் 2016-இல் வந்தது, அதுவே அங்கே கடைசி. அதே ஆண்டு மேலே சொன்ன கெவின் ஹால் ஆய்வும் வெளியானது. 2020 ஜனவரியில் யு.எஸ்.ஏ. நெட்வொர்க் என்ற சேனல் பாப் ஹார்ப்பரைத் தொகுப்பாளராக வைத்து ஒரு சீசன் எடுத்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

என் பையன் குண்டா இருக்கான். இதைப் பார்க்க வச்சா ரோஷம் வராதா?

வேண்டாம் அக்கா. 2012-இல் 59 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்த ஷோவின் ஒரே ஒரு பகுதியைப் பார்த்தவர்களுக்குப் பருமனானவர்கள் மீது வெறுப்பு கூடியிருந்தது. எடை என்பது முழுக்க அவரவர் கையில் என்ற எண்ணமும் வலுத்திருந்தது. உங்கள் பையன் பார்த்தால் அந்த வெறுப்பு யார் மேல் திரும்பும்? 14-வது சீசனில் 13 வயதுப் பிள்ளைகளைக்கூடச் சேர்த்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளை எடை மேடையில் ஏற்றி வெளியேற்றும் வேலையை மட்டும் ஷோ நடத்தியவர்களே செய்யவில்லை.

பையனைச் சாயங்காலம் ஃபுட்பால் விளையாட அனுப்புங்கள். தைராய்டு பார்த்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் அவன் எடையைப் பற்றிப் பேசாதீர்கள்.

இப்பத்தான் ஊசி வந்துடுச்சே, இந்தப் பாடெல்லாம் எதுக்கு?

எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோ, வெகோவி இரண்டும் 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. பசியை அடக்குவதில் அவை உண்மையாகவே வேலை செய்கின்றன. சோம்பேறித்தனம் பற்றிய பதிலில் பசியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு அங்கே பதில் இருக்கிறது. ஆனால் வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பியிருந்தது. போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். போடுகிறவர்களும் தசை போகாமல் இருக்க வாரம் இரண்டு நாளாவது பளு தூக்க வாருங்கள்.

எங்க ஆபீஸ்ல டீம் டீமா எடை குறைக்கிற போட்டி வைக்கிறாங்க. மூணு மாசம், ஜெயிச்சா ஃபோன். சேரலாமா?

யார் எவ்வளவு கிலோ இறக்குகிறார் என்பதுதான் போட்டி என்றால் சேராதீர்கள் என்றே சொல்வேன். கடைசி வாரம் பென்சன் செய்ததைத்தான் உங்கள் அணிக்காரர்களும் செய்வார்கள். ராத்திரிப் பட்டினி, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓட்டம், பேதி மாத்திரை, எல்லாம் நான் பார்த்தாயிற்று. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் அணிக்காகப் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து விழுந்துவிடுவார். 'உன்னாலதான் தோத்தோம்' என்று எடை குறையாதவரைப் பார்த்துச் சொல்லும் பேச்சு மூன்று மாதத்தோடு முடியாது, கேன்டீனில் வருடக்கணக்கில் ஓடும்.

நடத்துகிறவரிடம் பேசிப் பாருங்கள். கிலோவுக்குப் பதிலாக நடந்த நாட்களை எண்ணச் சொல்லுங்கள். வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் அணிக்கு மதிப்பெண், மாடிப்படி ஏறினால் மதிப்பெண். எடை பார்த்தே ஆக வேண்டும் என்றால் தனி அறையில் பார்க்கட்டும், சீட்டு அவரவர் கையில் மட்டும் போகட்டும். மதுரையில் ஒரு அலுவலகத்துக்கு இப்படி வகுத்துக் கொடுத்தேன். போட்டி முடிந்த பிறகும் அவர்களில் ஏழெட்டுப் பேர் இன்னும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறார்கள்.

சரி மாஸ்டர், அப்போ நான் எடை மெஷின்ல எப்பத்தான் ஏறுறது?

வாரம் ஒரு தரம். காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு, காபிகூடக் குடிக்காமல், அதே மெஷினில், அதே மாதிரி உடையில். முதல் நாள் கல்யாணச் சாப்பாடு என்றால் அன்றைக்கு ஏறாதீர்கள். அப்பளம், ஊறுகாய் உப்பு பிடித்து வைத்த தண்ணீர் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலும் அப்படித்தான். நாலு வாரக் கணக்கை வரிசையாக எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.